மணியத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரை

எழுதத் தெரிந்தவர்களுக்கான பக்கம் இது. நான் ஐந்தாம் படிவத்தோடு நின்றவள். ஈப்போவை அடுத்த மெங்லெம்புவில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல் உதவிக்கு இருக்கிறேன். நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்வதற்கே எனக்குக் கூச்சம். பத்திரிகை ஆசிரியர் இடம் கொடுத்தார் என்ற ஒரே தைரியத்தில் வாராவாரம் எதையோ கிறுக்கி அனுப்புகிறேன். அதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாரத்துக்குக் கூடுதலாக ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். இது, நான் எழுதியதால் ஒருவன் காயப்பட்ட கதை. இதைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

சனிக்கிழமை வகுப்பு

சனிக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. அறிவியல் கூடத்தின் நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம். அலமாரியில் கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு தவளை மல்லாந்து கிடக்கிறது. எரிவாயு வாசனை இலேசாக வருகிறது. வெளியே மழை வரப் பார்க்கிறது. ஞானம் டீச்சர் எங்கள் கட்டுரைத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்கிறார்.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகிற வழியில் இருந்த சின்ன இடைநிலைப்பள்ளி எங்களுடையது. தமிழுக்கு வார நாட்களில் நேரம் கிடையாது. ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுப்பவர்கள் சனிக்கிழமை தனியாக வர வேண்டும். அந்த ஆண்டு அப்படி வந்தவர்கள் ஒன்பது பேர். எல்லாரும் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகள். சாகுல் மட்டும் டவுனிலேயே பிறந்த பையன். அவன் அப்பா ஈப்போவில் சோற்றுக்கடை வைத்திருந்தார்.

முந்தின வாரம் டீச்சர் கொடுத்த தலைப்பு, ‘இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நான்’.

ஒன்பது டாக்டர்கள்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதிர்காலம் என்றால் என்ன தெரியும்? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாதிரிக் கட்டுரைப் புத்தகம். அது ஒன்றுதான் இருந்தது. அட்டை கிழிந்து, சாந்தா வீட்டிலிருந்து சுற்றத் தொடங்கி ஒன்பது வீட்டுக்கும் போய் வந்திருந்தது. அதில் பன்னிரண்டாவது கட்டுரை இந்தத் தலைப்புதான். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் அதை மனப்பாடம் செய்ததாக நினைத்துக்கொண்டோம்.

டீச்சர் வாய்விட்டுப் படித்தார்.

“இவரு டாக்டர். இவங்களும் டாக்டர். ஒன்பது பேரும் டாக்டர். ஒரு சின்ன ஊருக்கு ஒன்பது டாக்டர்னா, நோயாளிக்கு நான் எங்கலா போவேன்?”

நாங்கள் தலை குனிந்துகொண்டோம்.

“அது போகட்டும். ஒன்பது பேரோட அம்மாவும் ஒரே காய்ச்சல்ல செத்துப் போயிருக்காங்க. வைத்தியம் பாக்க ஆள் இல்லாம. சாகுல், உங்கம்மா எப்ப செத்தாங்க? காலையில எனக்கு நாசி லெமாக் கட்டிக் குடுத்தாங்களே!”

சாகுல் எழுந்து நின்று, “புத்தகத்துல செத்துட்டாங்க டீச்சர்” என்றான்.

அன்றைக்குச் சிரித்த மாதிரி அந்த அறிவியல் கூடம் எப்போதும் சிரித்ததில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம் இதைவிடப் பெரிய சிரிப்பு வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. அதுவும் என்னால்.

டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். உங்களைப் பற்றி எழுதச் சொன்னால் புத்தகத்தைத்தான் எழுதுவீர்கள். அதனால் வலது பக்கம் இருக்கிறவரைப் பற்றி எழுதுங்கள். இருபது வருடம் கழித்து அவர் என்னவாக இருப்பார்? பார்த்ததை வைத்து எழுதுங்கள், படித்ததை வைத்து வேண்டாம்.

என் இடது பக்கம் சாந்தா. வலது பக்கம் மணியம்.

அந்த வாசனை

மணியத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மணியமும் நானும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். எங்கள் அப்பாக்கள் இருவரும் ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தார்கள். ஒட்டுப்பால் தெரியுமா உங்களுக்கு? மரத்திலும், பால் வடிகிற கிண்ணமான மங்கிலும் ஒட்டிக் காய்ந்துபோகிற பால். அதை உரித்து மூட்டையில் சேர்த்து வைப்பார்கள். இரண்டு நாள் போனால் ஒரு வாசனை வரும். புளித்த மாவும் நனைந்த துணியும் சேர்ந்த மாதிரி. எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அதை யாரும் வாசனை என்றே நினைக்கவில்லை. காற்று அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது அப்பாவுக்கு டவுனில் காவல் வேலை கிடைத்தது. ஒரு மலிவு வீட்டுக்குக் குடிபோனோம். அம்மா முதல் வேலையாக எல்லாத் துணிகளையும் சவர்க்காரத் தூளில் மூன்று நாள் ஊற வைத்தாள். மூன்று தடவை தண்ணீரை மாற்றினாள். “இனிமே எவளும் உன்ன தோட்டத்துக்காரின்னு சொல்லக் கூடாது” என்றாள். நான் சிவப்புச் சவர்க்காரம் போட்டுக் கை தோல் உரியுமளவுக்குத் தேய்த்துக் குளித்தேன்.

மணியம் தோட்டத்திலேயே இருந்தான். சனிக்கிழமை காலையில் அம்மாவுக்கு உதவியாக மரம் சீவி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு பேருந்து பிடித்து வகுப்புக்கு ஓடி வருவான். வந்து என் பக்கத்தில் உட்கார்வான். நான் நாற்காலியை ஓர் அங்குலம் இடது பக்கம் நகர்த்திக்கொள்வேன். அவன் பார்த்தானோ இல்லையோ, இரண்டு வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரிடமும்தான் பேசியதில்லை.

நான் எழுதியது

பேசாதவளுக்குக் கை நன்றாக ஓடியது. மணியத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். டீச்சர் அதை மூன்றாவதாக எடுத்து வாசித்தார். முழுதும் இப்போது நினைவில்லை. ஓர் இடம் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது.

“இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மணியம் ஒரு ஒட்டுப்பால் லாரி ஓட்டிக்கொண்டிருப்பான். லாரி வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே அவன் வாசனை ஊருக்குள் வந்துவிடும். மக்கள் அதை வைத்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள்.”

சாகுல் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். சாந்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர்கூட, வாசித்துக்கொண்டே வந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கணம் திரும்பிக்கொண்டார். “பாருவா எழுதினா? நம்ம பாருவா?” என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நிமிடத்தை நான் மறைக்க விரும்பவில்லை. எனக்கு அது இனித்தது. பதினேழு வயது வரை என் பக்கம் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. என் வாயிலிருந்து வந்த எதற்கும் யாரும் சிரித்ததில்லை. அன்றைக்கு ஒரு கூடம் முழுக்க என்னால் சிரித்தது.

மணியமும் சிரித்தான். எல்லாரையும்விடச் சத்தமாகவே சிரித்தான்.

அடுத்து டீச்சர் மணியம் எழுதியதை எடுத்தார். அவன் சாகுலைப் பற்றி எழுதியிருந்தான். “கேப்டன் சாகுல் அவர்களின் கப்பல் இன்று காலை லுமுட் துறைமுகத்தை வந்தடைந்தது. வரவேற்கத் திரண்டிருந்த மக்கள்…” என்று வானொலிச் செய்தி மாதிரி ஆரம்பித்தது. மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. என் கட்டுரைக்கான சிரிப்பு இன்னும் முடியவில்லை. டீச்சரும் பாதியில் விட்டுவிட்டார்.

சாந்தா என்னைப் பற்றி எழுதியது நான்கே வரி. “பார்வதி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பாள். விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் அவளைக் கவனிக்க மாட்டார்கள்.” அதற்கும் சிரித்தார்கள். எனக்கு வலிக்கவில்லை. நான் அப்போது வேறு உலகத்தில் இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மணியம் வரவில்லை. மழை என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அப்போது மழை இல்லை.

தேர்வு வந்தது. மலாய் எழுதினான், கணக்கு எழுதினான், வரலாறு எழுதினான். மண்டபத்தில் எனக்கு முன் வரிசைதான். தமிழ்த் தேர்வன்று அந்த நாற்காலி காலியாக இருந்தது. மேசையில் அவன் எண் ஒட்டியிருந்தது. வினாத்தாள் கவிழ்ந்து கிடந்தது. அரை மணி நேரம் கழித்துக் கண்காணிப்பாளர் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நான் என் தாளைப் பார்த்தேன். கட்டுரைத் தலைப்பு எதுவென்றுகூட இன்று நினைவில்லை.

எங்கள் வகுப்பில் தமிழில் அதிகப் புள்ளி எனக்குத்தான். அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் சந்தைச் சாமான் சீட்டைத் தவிர வேறெதையும் நான் எழுதவில்லை.

சாகுல் கடையில்

தோட்டத்தை விற்றார்கள். லயங்களை இடித்தார்கள். இப்போது அங்கே வரிசை வீடுகள், ஒரு பெட்ரோல் நிலையம். எல்லாரும் எங்கெங்கோ போனோம்.

போன வருடம் சாந்தா கைப்பேசியில் ஒரு புலனக் குழு தொடங்கினாள். ஒன்பது பேரில் ஒருத்தி இறந்துவிட்டாள். ஒருவன் சிங்கப்பூரில், ஒருத்தி ஜொகூரில். மிச்சம் ஆறு பேர். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஈப்போவில் சாகுல் கடையில் சந்திப்பது என்று முடிவானது. மணியம் வருவதாகக் கட்டைவிரல் படம் போட்டிருந்தான். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். எப்படிக் கேட்பது என்று கேன்டீனில் வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

“அலாமாக், பாருவா? தூணு பக்கத்துல தூணு மாதிரி நிக்கிற, கண்ணுக்கே தெரியலலா!” என்று சாந்தா கட்டிப் பிடித்தாள். அவள் விமானப் பணிப்பெண் ஆகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். தைப்பிங்கில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். “டாக்டர் ஆகல, ஆனா டாக்டருக்குப் பக்கத்துல வந்துட்டேன்” என்றாள்.

சாகுல் கல்லாவில் இருந்தான். வயிறு மேசையைத் தொட்டது. “கப்பல்ல போறேன்னு சொன்னேன்ல? இப்ப கப்பல்ல வர்ற அரிசிய வாங்குறேன். உக்காருங்க, கோழி புதுசு.”

மணியம் கடைசியாக வந்தான். தலைக்கு மை போட்டிருந்தான். நல்ல சட்டை, மடிப்புக் கலையாமல். குரல் மட்டும் கரகரத்துப் போயிருந்தது.

“டேய் மச்சான், லாரிய எங்கடா போட்ட?” என்றான் சாகுல்.

“லாரிக்கு லீவு. மோட்டார்ல வாரேன்.”

ஈப்போவிலிருந்து சித்தியவான் கோழிப் பண்ணைகளுக்குத் தீனி ஏற்றிப் போகிற லாரி. குழுவில் முன்பே சொல்லியிருந்தான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். எனக்கு எதிரில் உட்கார்ந்தான்.

சோறு வந்தது. பேச்சும் வந்தது. ஒன்பது டாக்டர்கள், செத்துப்போன ஒன்பது அம்மாக்கள், புட்டித் தவளை. சாகுலின் அம்மாவுக்கு இப்போது எண்பத்தைந்து வயது, மாடியில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றதும் எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தோம். நானும் சிரித்தேன். பயம் கொஞ்சம் குறைந்தது.

அப்போது சாந்தா கையிலிருந்த கரண்டியை உயர்த்தினாள்.

“இதெல்லாம் என்ன, பாரு எழுதினா பாரு! மணியத்த பத்தி! ஞாபகம் இருக்கா? லாரி வர்றதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே…”

“வாசனை வந்துடும்!” என்று இரண்டு பேர் சேர்ந்து முடித்தார்கள்.

“அதே மாதிரி லாரிதான் ஓட்டுறான்! பாரு வாய் முகூர்த்தம்லா!”

முப்பது வருடத்துக்கு முன் கேட்ட அதே சிரிப்பு. மணியமும் சிரித்தான். எல்லாரையும்விடச் சத்தமாக. இந்தத் தடவை நான் எதிரில் இருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். வாய்தான் சிரித்தது. கை, இலையில் இருந்த சோற்றை ஓர் ஓரமாகத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தது.

“சாந்தா, போதும்” என்றேன்.

சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்து மேசைச் சீனக் கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார். சாந்தா கரண்டியைக் கீழே வைத்தாள். என் காது சூடானது. எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போய்விட்டேன்.

குழாயடியில்

கையில் சோறு ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் கழுவிக்கொண்டே நின்றேன். பின்னால் மணியம் வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தான்.

“என்னாலா, திடீர்னு வாய் வந்துச்சு?”

வெங்காயத்திடம் சொல்லிப் பழகியது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “நான் அத எழுதியிருக்கக் கூடாது மணியம். மன்னிச்சிடு” என்றேன்.

அவன் நிதானமாகக் கை கழுவினான்.

“மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீ நிம்மதியா பஸ் ஏறிப் போயிடுவ. எனக்கு என்ன கெடைக்கும்?”

நான் குழாயை மூடினேன்.

“நீ தமிழ் பேப்பர் எழுதாதது…” என்று ஆரம்பித்தேன்.

“உன்னாலதான். மரியாதைக்குப் பொய் சொல்ல மாட்டேன். கோவம்கூட இல்ல, வெக்கம். ஒரு வாரம் சட்டைய மோந்து மோந்து பாத்துக்கிட்டுக் கெடந்தேன். டவுன் புள்ள யாராச்சும் எழுதியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே ஸ்டோர்ல நின்னவங்க.”

“அந்த வாசனை எங்க வீட்டுலயும் இருந்துச்சு. எங்கம்மா மூணு நாள் துணிய ஊற வச்சாங்க.”

“தெரியும்லா. அதான் வலிச்சிச்சு.”

சமையல்கார அண்ணன் ஒரு பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு நடுவே புகுந்து போனார். இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம்.

“நான் என்ன ஆகணும்னு இருந்தேன், தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“ரேடியோ அறிவிப்பாளர். ஸ்டோருக்குப் பின்னாடி போயி, பால் மங்க வாய்க்கிட்ட புடிச்சிக்கிட்டு, தெனம் செய்தி வாசிப்பேன். ஆடு மாடெல்லாம் கேக்கும். நீ ரெண்டு வருஷம் பக்கத்துல உக்காந்திருந்த. ஒரு தடவ கேட்டியா?”

“நான் யாருகிட்டயும் எதுவும் கேக்க மாட்டேனே மணியம்.”

“கேக்க மாட்ட. ஆனா எழுதுவ.”

எனக்கு அழுகை வந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, கரகரத்த குரலில் சிரித்தான். இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தான்.

“அழாத. அறிவிப்பாளர் ஆகாததுக்கு நீ காரணம் இல்ல. இந்தத் தொண்டைய வச்சிக்கிட்டு வந்தா ரேடியோவ எல்லாரும் மூடிருவாங்க. அப்பாவுக்கு எடது காலு ஒடஞ்சுது, தோட்டத்த வித்தாங்க, நான் லாரி ஏறினேன். அது வேற கத. தமிழ் பேப்பர் மட்டும்தான் உன்னோடது.”

“ம்” என்றேன்.

“இன்னொன்னு. என் பொண்டாட்டி வாராவாரம் நீ எழுதுறத எனக்குப் படிச்சிக் காட்டுறா. தோட்டம், லயம்னு வந்துச்சு. போன வாரம் சனிக்கிழமை கிளாஸ்னு ஒரு வரி வந்துச்சு. அடுத்தது நான்தான்னு தெரிஞ்சிபோச்சு. ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கல.”

எனக்கு இறங்காத அதே நாட்களில் அவனுக்கும் இறங்கவில்லை. ஐம்பது வயது தாண்டிய, பத்து டன் தீனியை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குகிற ஆள், நான் கேன்டீன் மேசையில் உட்கார்ந்து எழுதுவதை நினைத்துப் பயந்திருக்கிறான்.

“உன்னப் பத்தி எழுதவே மாட்டேன்” என்றேன்.

“எழுது. நீ எழுதாம விட்டா அந்தப் பழசுதான் நிக்கும். சாந்தா என் பதினாறாம் நாள் காரியத்துலயும் வந்து அதத்தான் சொல்லுவா. ஆனா இந்தத் தடவ, அனுப்புறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சிக் காட்டு. நான் சரின்னு சொன்னாத்தான் போடணும். முடியுமா?”

“முடியும்.”

“போன்ல பேசணும். நீ பேசுவியா?”

“பேசுவேன்.”

திரும்பி மேசைக்குப் போனோம். சாந்தா என் இலையில் ஒரு கோழித் துண்டை எடுத்து வைத்தாள். சாகுல் எல்லாருக்கும் தே தாரிக் டீ போடச் சொன்னான். நான் மணியத்தின் பக்கம் திரும்பி, “உன் பொண்டாட்டி பேரு என்ன?” என்று கேட்டேன். அவனிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

“சரஸ்வதி” என்றான். “சீனியக் கொறச்சிப் போடச் சொல்லு சாகுல். எனக்கு இனிப்பு நீர் இருக்கு.”

மூன்று மணிக்குப் பேருந்து பிடித்தேன். சுண்ணாம்பு மலைகளுக்கு மேல் மேகம் இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து சேலையை மாற்றாமல் உட்கார்ந்து எழுதினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. வேலை முடிந்து நான்கு மணிக்கு மணியத்துக்குப் போன் செய்தேன். சித்தியவானில் தீனி இறக்கிக்கொண்டிருப்பதாகவும் அரை மணி நேரம் கழித்துக் கூப்பிடும்படியும் சொன்னான். கூப்பிட்டேன். ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னான். ஒன்று, அவன் அப்பாவுக்கு உடைந்தது இடது கால், நான் வலது என்று எழுதியிருந்தேன். இன்னொன்றை எழுத வேண்டாம் என்றான். எடுத்துவிட்டேன்.